பங்கோர் தீவில் கடலுணவு, மலைநடை, வரலாறு: அமைதியாகச் சென்றுவர வழி உண்டா?

பிறை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வார நாள்களில் குடும்பத்தோடு ஏதேனும் ஒரு தீவுக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்கிவர எண்ணியுள்ளோம். கூட்டமும் இரைச்சலும் இல்லாத இடம் வேண்டும் என்பதால் லங்காவியை முதலிலேயே தவிர்த்துவிட்டோம். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கோட்டை, பழைய கப்பல், பழைய ஒப்பந்தம் என்றால் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் முழங்கால் வலியால் அவரால் மேடு ஏற இயலாது. அம்மாவுக்கு நல்ல மீன் கிடைத்தால் போதும். கல்லூரியில் படிக்கும் என் மகனும் மகளும் காட்டுப் பாதையில் மலையேற வேண்டும் என்கிறார்கள். இம்மூன்றும் ஒரே தீவில் அமையும் என்றால் அது பேராக் மாநிலக் கரையோரத்தில் உள்ள பங்கோர்தான் என்று ஒரு தோழி உறுதியாகச் சொல்கிறார். வேறு சிலரோ, பங்கோர் பழைய பொலிவை இழந்துவிட்டது, அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்கிறார்கள். சென்று வந்தவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பாயான் பாருவிலிருந்து எழுதியது:

சகோதரி, நம் பினாங்கிலேயே இருப்பவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து காவான் பக்கம் பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து சிறிது நேரத்தில் பூலாவ் அமானுக்குச் சென்றுவிடலாம். அங்கே கிடைக்கும் இறால் மீ, அதாவது மீ ஊடாங், அந்தத் தீவுக்கே அடையாளமாகிவிட்ட உணவு. 1890 ஆம் ஆண்டில் நட்டதாகக் குறிப்பிடப்படும் ஈரப்பலா மரம் ஒன்றும் அங்கு நிற்கிறது. ஆனால் அரை நாளில் சுற்றி முடித்துவிடக்கூடிய சிறிய ஊர் அது. இரண்டு இரவுகளுக்குப் போதாது.

ஜெரெஜாக் தீவைப் பற்றி உங்கள் அப்பா நிச்சயம் அறிந்திருப்பார். தொழுநோயாளர் குடியிருப்பாகவும், கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோரைத் தடுத்து வைத்த நோய்த்தடுப்பு நிலையமாகவும், பிற்காலத்தில் 1969 முதல் 1993 வரை சிறையாகவும் இருந்த இடம் அது. வரலாற்றுக்காகவும் நடைக்காகவும் செல்லலாம், கடலுணவுக்காகச் செல்லும் இடம் அன்று. ஆகவே மூன்றும் ஒன்றாக வேண்டுமென்றால் உங்கள் தோழி சொன்னதே சரி.

சித்தியவான்காரர் எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது பங்கோருக்கு எதிர்க்கரைப் பகுதியில் உள்ள சித்தியவானில். வேலைக்காகப் பினாங்கில் இருக்கிறேன். பங்கோரில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தீவின் மேற்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் என்பது என் கருத்து. பாசீர் போகாக், தெலுக் நீபா ஆகிய கடற்கரைகளும் தங்கும் விடுதிகளும் அந்தப் பக்கத்தில் இருப்பதால், எதிர்க்கரைப் படகுத்துறையான லுமுட்டிலிருந்து வருகிறவர்கள் படகிலிருந்து இறங்கியதும் இளஞ்சிவப்பு நிற வேனில் ஏறி நேராக அங்கே போய்விடுகிறார்கள். அவர்கள் கடந்து செல்லும் கிழக்குக் கரையில்தான் தீவு மக்கள் வாழ்கிறார்கள். படகு முதலில் நிற்கும் சுங்கை பினாங் கெச்சிலும் அடுத்து நிற்கும் பங்கோர் பட்டணமும் மீன்பிடித் தொழிலால் வாழும் ஊர்கள். கடலுக்குள் தூண் நட்டுக் கட்டிய வீடுகள், படகு பழுதுபார்க்கும் கொட்டகைகள், கருவாடு காயும் முற்றங்கள், மலாய்க் கம்பங்கள் (கிராமங்கள்), சீனக் கோயில், நம் அம்மன் கோயில் எல்லாம் ஒரே சாலையில் அடுத்தடுத்து வருகின்றன.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பங்கோரின் பெருமை நெத்திலியில் தொடங்குகிறது. வலையிலிருந்து எடுத்த நெத்திலியைப் படகிலேயே உப்பு நீரில் வேக வைத்துவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பிடித்த சில நிமிடங்களில் வெந்துவிடுவதால்தான் அந்த மீன் உடையாமலும் நாற்றமெடுக்காமலும் நீண்ட நாள் இருக்கிறது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெள்ளிபோல் மின்ன வேண்டும், மஞ்சள் தட்டியிருந்தால் அது பழைய சரக்கு. விரலால் வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். கணவாய்க் கருவாடும், இனிப்பும் காரமும் கலந்து தட்டையாகச் சுட்ட மீன் சாத்தேயும் அங்கே புகழ் பெற்றவை. ஆனால் சாத்தே என்ற பெயரைக் கேட்டுக் கோழி சாத்தேபோல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது கொறிப்பதற்கான உலர்ந்த பண்டம்.

புதிய மீன் வேண்டுமானால் நாள் பார்த்துச் செல்லுங்கள். விளக்கொளி காட்டி மீனை ஈர்த்துப் பிடிக்கும் படகுகள் பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெரும்பாலும் கரையிலேயே இருக்கும், ஏனெனில் நிலவு வெளிச்சத்தில் விளக்குக்கு மீன் கூடாது. சீனப் புத்தாண்டுக் காலத்திலும் படகுகள் ஓய்வெடுக்கும், விலையும் ஏறிவிடும். இவ்விரண்டையும் தவிர்த்தால் கெம்போங், வவ்வால், கொடுவா, திருக்கை, நண்டு, கணவாய் என்று அம்மா விரும்பியது கிடைக்கும். திருக்கையைச் சம்பால் தடவி வாழையிலையில் வைத்துச் சுட்டுத் தரும் கடையில் ஒருமுறையாவது அவரை உட்கார வையுங்கள்.

ஆயர் ஈத்தாம் மலைநடையர் எழுதியது:

தம்பி தங்கையர் இருவருக்குமான செய்தியை நான் எழுதுகிறேன். தீவின் நடுமுதுகு முழுவதும் காடு. அதன் உச்சியான புக்கிட் பங்கோர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 370 மீட்டர் உயரம். பினாங்குக் கொடிமலையில் ஏறிப் பழகியவர்களுக்கு இந்த எண் சிறியதாகத் தோன்றும். ஆனால் கொடிமலையைப்போல் இங்கே படிகளும் தார்ச்சாலையும் குளிர்காற்றும் இல்லை. கடற்கரையிலிருந்து நேராக மேலேறுவதால் தொடக்கம் முதல் சரிவு கடினமாக இருக்கும், காட்டுக்குள் காற்று அசையாது, வியர்வை ஆறாகப் பெருகும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் ஏறக்கூடாது. பொழுது விடிந்த கையோடு புறப்பட்டு, வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடுவதே நல்லது.

மேலே ஏறினால் நாற்புறமும் கடல் தெரியும் என்று நினைத்துச் செல்ல வேண்டாம், மரங்கள் அடர்ந்து நிற்பதால் காட்சி இடையிடையே மட்டுமே திறக்கும். அந்த நடையின் பயன் மரங்களே. லுமுட்டின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய பாலாவ் பூத்தே மரம், அதாவது ஷோரியா லுமுட்டென்சிஸ், உலகில் பேராக்கின் இந்தக் கரையோரக் காடுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. பங்கோரும், எதிர்க்கரையில் உள்ள லுமுட், செகாரி காடுகளும்தான் அதற்கு வீடு. அத்தகைய மரத்தின் அடியில் நிற்கிறோம் என்பதை அறிந்து நின்றால் உச்சிக் காட்சி இல்லாத குறையே தோன்றாது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். நிரந்தர வனக் காப்பகங்களுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும், புறப்படும் முன்பே மஞ்சோங் பகுதி வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதை அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது இன்னும் சிறப்பு. மழை பெய்த மறுநாள் வேர்களும் பாறைகளும் வழுக்கும், அட்டைகளும் இருக்கும். தனித்தனியாகப் பிரிந்து நடக்கக் கூடாது.

மாக்கலிஸ்டர் சாலை ஆசிரியை எழுதியது:

வரலாற்றைப் பற்றி எவரும் இன்னும் எழுதாததால் நான் எழுதுகிறேன். உங்கள் அப்பாவுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி என்னவென்றால், பங்கோரில் பார்க்க வேண்டிய வரலாற்று இடங்கள் சமதளத்தில், சாலையோரத்திலேயே இருக்கின்றன.

தெற்கே தெலுக் கெடோங்கில் உள்ள டச்சுக் கோட்டையை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1670 இல் கட்டினார்கள். பேராக்கின் ஈயம் (வெள்ளீயம்) முழுவதும் தங்கள் கைவழியாகவே போக வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பேராக் ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, பெருங்காற்றிலிருந்து கப்பல்களைக் காக்கும் நீரிணையை ஒட்டி இந்தத் தீவு இருப்பதால், ஈயத்தை ஏற்றிக்கொண்டு வெளியே செல்லும் படகுகளை இங்கிருந்து கண்காணிக்க முடிந்தது. 1689 இல் இங்கே வந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். இருபது முப்பது வீரர்களோடு இருந்த டச்சுத் தலைவர், கோட்டைக்கு வெளியே இருந்த தம் வீட்டில் விருந்தினருக்கு உணவு பரிமாறிக்கொண்டிருந்தபோது, மலாய்க்காரர்கள் வருகிறார்கள் என்று ஒரு வீரர் கூவியதும், சன்னல் வழியாகக் குதித்துக் கோட்டைக்குள் ஓடிவிட்டாராம். வல்லமை மிக்க கம்பெனியின் ஆள்கள் இந்தக் கரையில் எத்தகைய அச்சத்தோடு வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. தங்கள் ஈயத்தின் விலையை அந்நியர் முடிவு செய்வதைப் பேராக் மக்கள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே, 1690 இல், பங்லிமா கூலுப் தலைமையில் தாக்கிக் கோட்டையை அழித்தார்கள். 1743 இல் டச்சுக்காரர்கள் திரும்பி வந்து அதைச் செப்பனிட்டு அறுபது வீரர்களைக் காவலுக்கு வைத்தார்கள். 1748 இல் கைவிட்டுச் சென்றார்கள். இன்று நாம் காணும் செங்கல் சுவர்கள் 1973 இல் அருங்காட்சியகத் துறையினர் சீரமைத்தவை.

கோட்டைக்குச் சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் பெரும்பாறை ஒன்று இருக்கிறது. அதில் 1743 என்ற ஆண்டும், கம்பெனியின் முத்திரை எழுத்துகளும், குழந்தையைப் பிடித்த புலியின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. டச்சு அதிகாரி ஒருவரின் பிள்ளையைப் புலி கொண்டுபோனதன் நினைவு அது என்று உள்ளூரில் சொல்வார்கள்.

தீவின் பெயர் நம் பாடநூல்களில் இடம்பெறக் காரணமான பங்கோர் ஒப்பந்தம் நிலத்தில் கையெழுத்தாகவில்லை. 1874 சனவரி 20 ஆம் நாள், தீவுக்கு அருகே கடலில் நின்ற புளூட்டோ என்ற கப்பலில், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய ஆங்கிலேய நீரிணைக் குடியேற்றத்தின் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் முன்னிலையில் அது முடிந்தது. பேராக்கின் லாருட் ஈய வயல்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற சீனக் கூட்டத்தார் நடத்திய சண்டையையும், பேராக் அரியணைப் போட்டியையும் காரணம் காட்டி ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்று, பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்ட் (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரி) ஒருவரை அமர்த்த வழி செய்துகொண்டார்கள். முதல் ரெசிடெண்ட் பிர்ச், 1875 நவம்பர் 2 அன்று பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதன்பிறகு ஆங்கிலேயரின் பிடி தளரவில்லை, இறுகியது. 1885 இல் தைப்பிங்கிலிருந்து கரையோரத் துறைமுகமான போர்ட் வெல்டுக்கு இரயில் ஓடியது, கரும்புத் தோட்டங்களும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களும் பெருகின, அவற்றில் உழைக்க நம் முன்னோர் கப்பல் கப்பலாக வந்திறங்கினார்கள். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது வெறும் சுற்றுலா என்று என்னால் எண்ண முடியவில்லை.

பினாங்கு வாசிகளுக்கு இன்னொன்றும் உண்டு. பங்கோரும் எதிர்க்கரைப் பகுதியும் சேர்ந்த டிண்டிங்ஸ், அந்த ஒப்பந்தத்துக்குப்பின் பேராக்கோடு இல்லாமல் பினாங்கு நிர்வாகத்தின்கீழ் இருந்தது. 1935 இல்தான் பேராக்கிடம் திரும்பியது.

சித்தியவான்காரர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. புலிப் பாறையைப் பற்றி ஒரு சொல். குழந்தையைப் புலி கொண்டுபோன கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அந்தப் பாறைக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். எதிர்த்து நின்ற உள்ளூர் மக்களையே டச்சுக்காரர்கள் புலியாக உருவகித்திருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. கோட்டையை இழந்து மீண்டும் கட்டிய அதே 1743 ஆம் ஆண்டு அங்கே பொறிக்கப்பட்டிருப்பதால் எனக்கு அந்த விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மாக்கலிஸ்டர் சாலை ஆசிரியை எழுதியது:

ஐயா, ஆண்டு பொருந்துவது உண்மைதான். ஆயினும் காவல் வீரர் ஓய்வு நேரத்தில் செதுக்கியதற்கு அரசியல் பொருள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்நாளில் இக்காடுகளில் புலி உண்மையான அச்சம். இரண்டு விளக்கங்களையும் அப்பாவிடம் சொல்லி, பாறையை நேரில் பார்த்தபின் அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.

பாயான் பாருவிலிருந்து எழுதியது:

நாம் இன்னும் அம்மன் கோயிலைப் பற்றிப் பேசவே இல்லை. கிழக்குக் கரையில் கடலைப் பார்த்து எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்தில் மாசி மகம் பெரிய அளவில் நடைபெறுகிறது. பல ஊர்களிலிருந்து பக்தர்கள் திரளாக வருவார்கள், படகுகளில் இடம் கிடைப்பதே அரிதாகிவிடும். அமைதியை நாடுபவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லத் தோன்றினாலும், என் மனம் அதற்கு ஒப்பவில்லை. இந்தத் தீவில் நம்மவர்களின் வாழ்வு எவ்வளவு வேரூன்றியது என்பதை அன்றுபோல் வேறு எந்த நாளிலும் பார்க்க இயலாது. இம்முறை அமைதிக்காகச் செல்லுங்கள், மாசியில் அம்மனுக்காக மறுபடியும் செல்லுங்கள்.

கூலிம் கலை எழுதியது:

நான் இவ்வளவு மகிழ்ச்சியாக எழுத முடியாது. தெலுக் நீபாவில் மாலையில் இருவாச்சிகள் வரும் என்று கேள்விப்பட்டுச் சென்றோம். வந்தன, மிக அழகாக இருந்தன. ஆனால் விருந்தினர் பழத்துண்டுகளைக் கையில் நீட்டியபடி நிற்க, பறவைகள் சாலைக்கு இறங்கி வந்து வாங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. ஓர் உணவகத்தில் நண்டுக்கு விலை எழுதியிருக்கவில்லை, கேட்டபோது கிலோவுக்கு இவ்வளவு என்றார்கள், எடை போட்டுக் காட்டாமலே சமைத்துவிட்டார்கள். கணக்கு வந்தபோது எங்கள் மனம் கசந்துவிட்டது.

ஆயர் ஈத்தாம் மலைநடையர் எழுதியது:

கலை அக்கா, பறவைகளைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இருவாச்சி காட்டில் அத்திப் பழம் தின்று விதையைத் தொலைவில் போடுவதால்தான் காடு புதுப்பிக்கப்படுகிறது. நாம் கையில் கொடுத்துப் பழக்கினால் அந்த வேலை குறைந்துபோகும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே போதும், அவை தாமாகவே மரங்களில் வந்து அமரும். குரங்குகளுக்கும் உணவு கொடுக்கக்கூடாது, பை திறந்திருந்தால் அவையே எடுத்துக்கொள்ளும்.

சித்தியவான்காரர் எழுதியது:

நண்டு விவகாரம் நடக்கக்கூடியதுதான், மறைக்க விரும்பவில்லை. கடலுணவை எடைக்கு விற்கும் எந்த ஊரிலும் உட்காருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: எந்த மீன், எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எவ்வளவு எடை. எடையை உங்கள் முன்னால் போடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல கடைக்காரர் தாமாகவே தராசைக் காட்டுவார். விடுதிகள் நிறைந்த கடற்கரையைவிடப் பட்டணத்துப் பக்கம், உள்ளூர்க் குடும்பங்கள் அமர்ந்து உண்ணும் கடைகளில் பொதுவாக விலை நியாயமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

பிறை வாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்கு இந்த இழையை முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். பிறையில் வாழ்ந்த தம் தாத்தாவும் ஜெரெஜாக்கில் தடுத்து வைக்கப்பட்டவர்தான் என்று அவர் இதுவரை சொல்லாததைச் சொன்னார். பௌர்ணமி இல்லாத வாரத்தில் செவ்வாய்க்கிழமை புறப்பட்டு வியாழக்கிழமை திரும்புவதாக முடிவு செய்துள்ளோம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் மீன் சாப்பிடமாட்டார் என்பதால் அதுவும் பொருந்திவருகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. காரை என்ன செய்வது? பிள்ளைகள் மலையேறும் காலைப் பொழுதில் அப்பாவும் அம்மாவும் எவ்வாறு சுற்றிப் பார்ப்பது?

சித்தியவான்காரர் எழுதியது:

பட்டர்வொர்த்திலிருந்து நெடுஞ்சாலையில் வந்து சங்காட் ஜெரிங்கில் விலகி, புருவாஸ், ஆயர் தாவார், சித்தியவான் வழியாக லுமுட்டை அடையுங்கள். காரை லுமுட்டிலேயே கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிடலாம், தீவில் அது தேவைப்படாது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். படகில் ஏறும்போது அப்பாவின் கைத்தடியை மகனிடம் கொடுத்துவிட்டு, அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளட்டும்.

காலைக்கு ஒரு வேனை மணிக்கணக்கில் பேசி அமர்த்திக்கொள்ளுங்கள், விலையை முன்கூட்டியே உறுதி செய்துவிட்டு ஏறுங்கள். முதலில் தெலுக் கெடோங் கோட்டையும் பாறையும், வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். பிறகு பட்டணத்தில் தேநீர், அம்மன் கோயில், அதைத் தாண்டிச் சுங்கை பினாங்கில் கருவாடு வாங்குவது என்று வைத்துக்கொண்டால் எங்கும் மேடு ஏற வேண்டியிருக்காது. வடக்கே தெலுக் டாலாம் வழியாகத் தீவைச் சுற்றும் சாலை செங்குத்தான ஏற்ற இறக்கம் கொண்டது. பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் அந்தப் பகுதியில் மிகவும் கவனம் தேவை என்று சொல்லி அனுப்புங்கள். பன்னிரண்டு மணிக்கு அனைவரும் பட்டணத்தில் சந்தித்தால், அன்று காலை வந்த மீனைக் கடையில் அம்மாவே நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.